குழுவே சொன்ன பிறகு

கேள்வி: கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலைத் தொழிலாளர்களின் நோய்க்கும் பாதரசத்துக்கும் தொடர்பு இருப்பதாகச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லையென்று நிபுணர் குழுவே சொல்லிவிட்டது. நீங்கள் மட்டும் ஏன் விடாமல் தொங்குகிறீர்கள்? (ஒரு வாசகர், பழனி)

பதில்: 'குழுவே' என்று அழுத்துகிறீர்களே, அந்த ஏகாரத்துக்கு ஒரு கும்பிடு.

குழு போடுவதற்கென்று நம்மூரில் ஒரு பக்குவம் உண்டு. உடனே போடக்கூடாது, ஆறப்போட வேண்டும். அப்புறம் தலைவர், உறுப்பினர்கள், பயணப்படி, முந்திரி பக்கோடா, இரண்டு முறை கால நீட்டிப்பு. முந்திரி தீர்ந்ததும் அறிக்கை. (முன்பு இதையே எழுதியபோது ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், "பக்கோடா தரவில்லை, பிஸ்கட்தான்" என்று மறுப்புக் கடிதம் போட்டார். பக்கோடாவில் நான் உறுதியாக நிற்கிறேன்.)

பாதரச விவகாரத்தில் இந்த ஆறப்போடுதல்தான் கைகொடுத்தது. கொடைக்கானலின் மூஞ்சிக்கல் பகுதிப் பழைய சாமான் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி மூட்டை மூட்டையாகக் கிடந்தது வெளியே தெரிந்து, 2001-இல் ஆலை மூடப்பட்டது. உயர் நீதிமன்றம் அமைத்த குழு அறிக்கை தந்தது 2007-இல். மூச்சில் போன பாதரச ஆவி, வேலை நின்ற சில மாதங்களில் ரத்தத்திலும் சிறுநீரிலும் வெகுவாகக் குறைந்துவிடும். அது நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுத்திருந்தால் கெடுத்ததுதான். பந்தல் பிரித்த பிறகு போய், இலையைக் காணோம், கல்யாணமே நடக்கவில்லை என்றால் எப்படி ஐயா? வேலை நடந்த காலத்தில் சோதனை எடுத்ததும் நிர்வாகம், ஏட்டைப் பூட்டி வைத்ததும் நிர்வாகம். நிரூபிக்க வேண்டியவர் மட்டும் தொழிலாளி.

2011-இல் மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் குழு, தொழிலாளர்களும் அவர்கள் குழந்தைகளும் பாதிக்கப்பட்டதற்கு முகாந்திரம் இருக்கிறது என்றது. அதுவும் குழுதான். அதற்கு மட்டும் ஏன் உங்களிடம் ஏகாரம் இல்லை? 2016-இல் நிறுவனம் 591 பேரோடு உடன்பாட்டுக்கு வந்தது. தொகை தந்தது, தப்பை ஒப்புக்கொள்ளவில்லை.

இன்னொன்று. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில், அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் அட்டவணையில் பாதரச நச்சு இருந்தது. அந்த நோயாளியைப் பார்த்த டாக்டர் தொழிற்சாலைகளின் தலைமை ஆய்வாளருக்கு எழுத வேண்டும் என்று அதில் இருந்தது. எழுதாவிட்டால் அதிகபட்ச அபராதம் அந்தச் சட்டத்தில் ஆயிரம் ரூபாயாக இருந்தது. ஹெல்மெட் போடாமல் வண்டி ஓட்டினாலும் இங்கே அதே ஆயிரம்தான். எங்கள் தெருமுனையில் ஹெல்மெட்டுக்குத் தினமும் ரசீது கிழிக்கிறார்கள். ஆலை டாக்டர் யாருக்காவது கிழித்ததாகக் கேள்விப்பட்டால் எழுதுங்கள், ஒரு வருடச் சந்தா இலவசம்.