தள்ளிப்போடுவது

அக்கா, வணக்கம். தொண்டியிலிருந்து எழுதுகிறேன். ஆங்கிலத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். 'புட் ஆஃப்' (put off) என்ற ஒன்றுக்கே நோட்டில் ஆறு அர்த்தம் எழுதி வைத்திருக்கிறேன். காலையில் படித்தது மாலையில் மறந்துவிடுகிறது. தமிழ் மீடியத்தில் படித்ததால்தான் இப்படியா? பிரிட்டிஷ் ஆங்கிலம் படிப்பதா, அமெரிக்க ஆங்கிலமா?

தம்பி,

பிரிட்டிஷா அமெரிக்காவா என்பதை விசா வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். தமிழ் மீடியத்தின் மேல் பழி போட்டாய் பார், அங்கேதான் எனக்குக் கோபம். 'புட் ஆஃப்' என்றால் 'தள்ளிப்போடு'. தினமும் சொல்கிறாயே, அதைப் பிரித்துப் பார்த்ததுண்டா? தள்ளி, போடு. ஆஃப், புட். முன்பின்னாக நிற்கிறது, அவ்வளவுதான். ஆறு அர்த்தத்தை உருப்போட்டவன் கண்ணில் இந்த ஒரு 'தள்ளி' படவில்லை.

2003 கோடை, மண்டபம். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது 45 நாள்தான். 61 ஆனது 2017இல். அப்பாவுக்குத் தொழில் இல்லை. வாங்கிய முன்பணத்தைக் கேட்டுக் கணக்குப்பிள்ளை வருவார். "கடலுக்குப் போகட்டும் அண்ணே, மொதப் பாட்டு மீனுலயே தந்துர்றோம்" என்பாள் அம்மா. சாக்குச் சொல்லி ஆளைத் தள்ளுவது, ஒரு புட் ஆஃப். மனுஷர் சைவம். அவர் வரும் நாளாகப் பார்த்து, ஈரம் காயாத சாளையை வாசற்படியிலேயே பரப்பி வைப்பாள். துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, உட்காராமலே திரும்பிவிடுவார். நாற்றம் ஆளை விலக்குவது, இன்னொரு புட் ஆஃப். ஏ பி சி டி தெரியாத அம்மா இரண்டையும் ஒரே வாசலில் நடத்தினாள். அந்தக் கடன் அடைய இரண்டு வருஷம் ஆனது, அது வேறு கதை.

மூன்றாவது உன் நோட்டில் இருக்காது. படகு கரையை விட்டுக் கிளம்புவதற்கும் ஆங்கிலத்தில் புட் ஆஃப் என்பார்கள். வத்தை என்கிற நாட்டுப்படகை நாலு பேர் தோள்கொடுத்துத் தள்ளும்போது, மணலில் உரசுகிற சத்தம் சட்டென்று நின்று அடியில் தண்ணீர் சளசளக்குமே, அந்த நொடிதான் 'ஆஃப்'. நாள் தள்ளிப்போகிறது, கடன்காரர் தள்ளிப்போகிறார், படகு தள்ளிப்போகிறது. தொண்டிக்காரனுக்கு இதை நான் மண்டபத்திலிருந்து சொல்லவேண்டியிருக்கிறது!

விளக்கை 'புட் ஆஃப்' பண்ணுவது நம் பக்கத்துப் பேச்சில் ஓடும். தேர்வில் 'ஸ்விட்ச் ஆஃப்' என்றே எழுது. 'இட்' வந்தால் நடுவில்தான் உட்காரும்: புட் இட் ஆஃப். கடைசியில் கொண்டுபோய் வைத்தால் மார்க் போச்சு.

ஆமாம், தேர்வு என்றைக்கு என்று நீ எழுதவே இல்லையே? அடுத்த கடிதத்தில் தேதியை எழுது. நோட்டைப் பற்றி எழுதாதே.