நவீன அரபு நாவல்கள் எல்லாம் இஸ்லாமைப் பற்றியவைதானா?

அரபு என்றால் இஸ்லாம் என்று நினைத்துத்தான் இதைக் கேட்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. நானும் அப்படி நினைத்தவன். அதனால்தான் எழுதுகிறேன்.

குவைத்தில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தேன். பக்கத்து மேசையில் கணக்கு எழுதிய எகிப்தியர் வாய்க்கு வாய் 'அல்ஹம்துலில்லாஹ்' என்பார். ரமலான் பிறந்ததும், நோன்பாளியின் கண்ணில் படக்கூடாது என்று சாப்பாட்டுத் தூக்கை அலமாரிக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். அவர் பார்த்துவிட்டார். ஒன்றும் பேசாமல் சட்டைக் கையை மேலே இழுத்து, வலது மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். உட்புறத்தில் சுண்டுவிரல் நகத்தளவு பச்சை குத்திய சிலுவை. காப்டிக் கிறிஸ்தவர், அதாவது எகிப்தின் பழமையான கிறிஸ்தவச் சமூகத்தைச் சேர்ந்தவர்! அரபு பேசும் கிறிஸ்தவர்களும் கடவுளை 'அல்லாஹ்' என்று அழைப்பார்கள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அவர் சொல்லித்தான் எகிப்திய எழுத்தாளர் பஹா தாஹிரின் 'சஃபிய்யா சித்தியும் மடாலயமும்' (1991) நாவலை ஆங்கிலத்தில் தேடிப் படித்தேன். எகிப்தின் லக்ஸர் நகரத்துக்குப் பக்கத்துக் கிராமம். கதை சொல்பவன் முஸ்லிம் சிறுவன். பெருநாளுக்கு அம்மா சுடும் பிஸ்கட்டைக் கிறிஸ்தவ மடாலயத்துத் துறவிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அவன் பொறுப்பு. பழிக்குப் பழி என்று தேடப்படும் ஹர்பி என்ற முஸ்லிமுக்கும் அந்த மடாலயமே அடைக்கலம். எழுதியவரும் முஸ்லிம்தான்.

'அங்கே எல்லாரும் ஒற்றுமையாக வாழ்கிறார்கள் என்கிறாயா' என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நான் அப்படிச் சொல்லவில்லை. ஈராக்கிய எழுத்தாளர் சினான் அந்தூனின் 'யா மர்யம்' (2012) நாவல் இருக்கிறதே. பாக்தாதில் ஒரே வீட்டில் இரண்டு கிறிஸ்தவர்கள். முதியவர் யூசுஃப் பழைய ஈராக்கின் நட்புகளை விட்டுக்கொடுக்க மாட்டார். வயிற்றுப் பிள்ளையை இழந்த மஹாவுக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. 2010இல் பாக்தாத் தேவாலயத்தில் நடந்த படுகொலையில் கதை போய் முட்டுகிறது. மதம் ஒன்று, வீடு ஒன்று. ஆனாலும் இந்த நாட்டில் தாங்கள் யார் என்பதில் இருவருக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. யார் பக்கம் நியாயம் என்று என்னாலும் சொல்ல முடியவில்லை.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், மனம் ஆறவில்லை. எங்கள் ஊர் நூலகம் ஒன்றில் 'யா மர்யம்' நாவலின் ஆங்கிலப் பிரதியை 'இஸ்லாம்' அலமாரியில் அடுக்கியிருந்தார்கள். இரண்டு முறை எடுத்து நாவல் வரிசையில் வைத்தேன். மறுவாரமே பழைய இடத்துக்குப் போயிருந்தது. மூன்றாம் முறை நூலகரிடமே கேட்டேன். அட்டையில் 'பாக்தாத்' என்ற சொல்லை விரலால் தொட்டுக் காட்டினார். அதற்கு அடுத்த சொல், தேவாலயத்தில் அப்பமும் ரசமும் பகிரும் சடங்கின் பெயர்: 'நற்கருணை'.