பழைய ரோல்-பிளேயிங் கேம்களில் (ஒரு பாத்திரமாக இருந்து ஆடும் கணினி விளையாட்டுகள்) பொருள்களின் குணத்தை ஏன் மறைத்து வைத்தார்கள்? விளையாடியவர்கள் அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

வேண்டுமென்றே மறைத்ததும் உண்டு, சொல்ல இடமில்லாமல் விட்டதும் உண்டு. 1981-இல் விசார்ட்ரி என்ற கேம் வந்தபோது ஆப்பிள் 2 கணினியின் ஃப்ளாப்பியில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 140 கிலோபைட்தான் கொள்ளும். நிலவறை, அரக்கர்கள், மந்திரங்கள், கடை எல்லாம் அந்தக் கணக்குக்குள் அடங்க வேண்டும். இதில் ஒவ்வொரு கத்திக்கும் விளக்கம் எழுத எங்கே இடம்? பெயரோடு சரி. அந்த கேமில் திருடர் கத்தி என்று ஒன்று வரும். சண்டையில் வீசினால் அதுவும் ஒரு ஆயுதம், அவ்வளவுதான். ஆனால் திருடன் என்ற தொழிலில் இருக்கும் பாத்திரம் அதன் சக்தியைத் தட்டி எழுப்பினால், நின்ற இடத்திலேயே நிஞ்சா என்ற எட்டாத உயரத்துத் தொழிலுக்கு மாறிவிடும். முறைப்படி நிஞ்சா ஆக வேண்டுமென்றால் எல்லாத் திறன்களும் 17-ஐத் தொட்டிருக்க வேண்டும். இத்தனை பெரிய சலுகை ஒரு கத்திக்குள் பேசாமல் கிடந்தது.

மறைப்பதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. மறைத்தவர்கள் யோசித்துப் பிடிக்க ஒரு துப்பாவது விட்டுவைத்தார்களா என்று மட்டும் பார்ப்பேன். அந்த வகையில் 1985-இல் ரிச்சர்ட் கேரியட் செய்த அல்டிமா 4 எனக்கு மிகவும் பிடிக்கும். மந்திர மூலிகை விற்கும் பெண்ணுக்குக் கண் தெரியாது. விலையைச் சொல்லிவிட்டு, எவ்வளவு தருகிறாய் என்று கேட்பாள். ஒரே ஒரு காசு என்று தட்டினாலும் வாங்கிக்கொள்வாள், முகம் சுளிக்க மாட்டாள். மற்ற கேம்களில் பழகிய கை இதை இலவசச் சரக்கு என்றே எடுத்துக்கொள்ளும். பின்னால் ஓடும் கணக்கில் நேர்மை, நீதி, கௌரவம் மூன்றும் ஒருசேரச் சரியும். எண் எதுவும் திரையில் வராது. ஆனால் அரசரின் கோட்டையில் ஹாக்விண்ட் என்ற ஞானி இருக்கிறார். எந்தக் குணத்தில் எப்படி இருக்கிறோம் என்று அவரிடம் கேட்டால் உள்ளதைச் சொல்வார். திட்டு வாங்கியதும் எங்கே தப்பினோம் என்று நாமே பின்னோக்கி யோசிக்கலாம். கேமின் கதையே நல்ல மனிதனாவதுதான் என்பதால், எண்ணைக் காட்டியிருந்தால் எல்லோரும் புள்ளிக்காகத் தர்மம் செய்திருப்பார்கள்.

1987-இல் முதலில் வெளிவந்த நெட்ஹேக்கும் இந்த விஷயத்தில் நியாயமாகவே நடந்துகொள்கிறது. கணினியின் தேதியைப் பார்த்து, பௌர்ணமியன்று ஆடினால் அதிர்ஷ்டம் ஒன்று கூடும், 13-ஆம் தேதி வெள்ளிக்கிழமை என்றால் ஒன்று குறையும். அதிர்ஷ்டம் மைனஸில் இருக்கும்போது கடவுளைக் கும்பிட்டால் உதவிக்குப் பதில் அடிதான் விழும். இரண்டு நாள்களிலும் ஆட்டம் தொடங்கும்போதே எச்சரிக்கை வரும் என்பதால் குறை சொல்ல முடியாது. தரையில் கிடக்கும் சாம்பல் நிறக் கல் அதிர்ஷ்டக் கல்லாகவும் இருக்கலாம், எடுத்தால் பெரும்பாலும் கீழே போடவே முடியாத பாரக் கல்லாகவும் இருக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். எடுப்பதற்கு முன் காலால் உதைத்துப் பாருங்கள். ‘தம்ப்!’ என்ற சத்தத்தோடு அசையாமல் கிடந்தால் தொடாதீர்கள்.

டஞ்சன் மாஸ்டரிடம்தான் (அதுவும் 1987, அட்டாரி எஸ்டி என்ற கணினியில்) எனக்குச் சண்டை. அருமையான கேம், அதில் சந்தேகமில்லை. திரையில் நான்கு தொழில்கள் தெரியும்: போர்வீரன், நிஞ்சா, பூசாரி, மந்திரவாதி. ஒவ்வொன்றுக்கும் அடியில் நான்கு என்று 16 மறைமுகத் திறன்கள் ஓடுகின்றன. வாளைச் சுழற்றுவது வேறு, குத்துவது வேறு, கதாயுதத்தால் அடிப்பது வேறு, தடுப்பது வேறு. வெளியே தெரிவது போர்வீரன் என்ற ஒரே பட்டம். இதையாவது செய்து செய்து ஓரளவு உணரலாம். சிமால் நகையைக் கழுத்தில் போட்டால் மந்திரத் தடுப்பு எண் கண்ணெதிரே ஏறும், அதுவும் சரி. முயல் கால் என்று ஒன்று கிடைக்குமே, அதற்கு என்ன சொல்வது? வைத்திருந்தால் அதிர்ஷ்டம் 10 கூடும். ஆனால் அந்த கேமில் அதிர்ஷ்டம் என்ற எண்ணே கேரக்டர் பக்கத்தில் கிடையாது! பொருளைத் திரையில் உள்ள கண் படத்தின் மேல் வைத்துப் பார்த்தால் எடையைச் சொல்லும். முயல் கால் ராசி என்ற மேலைநாட்டு நம்பிக்கை தெரிந்தவர் பையில் வைத்திருப்பார், தெரியாதவர் சும்மா சுமை என்று எறிந்திருப்பார். வைத்திருந்தவருக்கும் அது வேலை செய்கிறதா என்று சோதிக்க வழியில்லை. ரசிகர்கள் பிற்பாடு நிரலைப் பிரித்துப் படித்த பிறகுதான் இவை எண்களாக வெளியே வந்தன.

நெட்ஹேக்கில் அந்தச் சிரமம் இருந்ததில்லை. சோர்ஸ் கோடு, அதாவது எழுதிய மூல நிரல், முதலிலிருந்தே திறந்து கிடக்கிறது, ஆனாலும் அதை எட்டிப் பார்க்காமல் ஆடுவதைப் பெருமையாக நினைப்பவர்கள் இன்றும் உண்டு.

இப்போது முதல்முறை ஆடப்போகிறீர்கள் என்றால், அல்டிமா 4-க்கு எந்த வழிகாட்டியையும் திறக்காதீர்கள். டஞ்சன் மாஸ்டருக்கு அந்த 16 திறன்களின் பட்டியலை மட்டும் முன்பே பார்த்துவிடுங்கள், முயல் காலையும் எறியாதீர்கள்.