ஹார்மோனுக்கு முன் விந்தைச் சேமிக்க வேண்டுமா?

கேள்வி: நான் திருநங்கை. வயது 24. ஊர் திருக்கருகாவூர் பக்கம். அடுத்த மாதம் ஹார்மோன் சிகிச்சை தொடங்க இருக்கிறேன். அதற்கு முன் விந்தை உறையவைத்துச் சேமிக்கலாம் என்றார் மருத்துவர். "ஒரு பேரப்பிள்ளைக்கு வழி பண்ணிவிட்டு அப்புறம் உன் இஷ்டம்" என்கிறார் அம்மா. நினைத்தாலே உடம்பு கூசுகிறது. வேண்டாமென்று சொல்லவும் மனம் வரவில்லை.

பதில்: கூசுவதும் உண்மை, மனம் வராததும் உண்மை. குழந்தை ஆசை இருப்பதால் உங்கள் பெண்மை இம்மியும் குறைந்துவிடாது. யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

அம்மாவைக் கோபிக்க வேண்டாம். உங்கள் ஊர்ப் பக்கத்துக் கர்ப்பரட்சாம்பிகை அம்மன் சந்நிதியில் பிள்ளை வரம் வேண்டி நெய் வாங்கிப்போக ஊர் ஊராகப் பெண்கள் வருவதைப் பார்த்தே வாழ்ந்தவர் அவர். ஆனால் விடை உங்களுடையது. பேரப்பிள்ளையைப் பற்றி உறவில் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் ஒரு குழந்தையை வளர்க்க ஆசை வருகிறதா? ஒரு வாரம் இதை மனத்தில் போட்டுவையுங்கள்.

ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனும் ஆண் ஹார்மோனை அடக்கும் மருந்தும் விந்து உற்பத்தியைக் குறைக்கும், நிறுத்தியும் விடலாம். மருந்தை விட்டால் சிலருக்குத் திரும்பும், உத்தரவாதம் இல்லை. 'நிர்வாணம்' என்று திருநங்கைகள் சொல்லும் பாலுறுப்பு நீக்கத்தைச் செய்து, விந்து உருவாகும் விதைகளை எடுத்துவிட்டால் பிறகு வழியே இல்லை. பெண் ஹார்மோன் இருக்கிறதே என்று மெடிக்கலில் கருத்தடை மாத்திரை வாங்கி ஏற்கெனவே விழுங்கியிருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். புதிய விந்தணு உருவாக இரண்டரை மாதம் போல ஆகும். மாத்திரையை நிறுத்திக் காத்திருந்து பரிசோதிக்க வேண்டிவரலாம். இறுக்கிக் கட்டும் உள்ளாடையின் சூடும் விந்தணுவைக் கெடுக்கும்.

கூச்சத்துக்கு வருவோம். 'ஆண்கள்' என்று எழுதிய அறை, கையில் ஒரு பிளாஸ்டிக் குப்பி, வெளியே பழைய பெயரைக் கூப்பிடும் குரல்: பலரையும் வாசலோடு திருப்பி அனுப்புவது இவைதான். முன்கூட்டியே போனில் பேசி, எந்தப் பெயரில் அழைக்க வேண்டும் என்று சொல்லுங்கள். கூட்டமில்லாத நேரம் கேளுங்கள். வீட்டில் எடுத்தால் மாதிரி ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். பஸ்ஸுக்குக் காத்திருந்து தஞ்சாவூர் போய்ச் சேர்வதற்குள் அந்த நேரம் ஓடிவிடும். மையத்துக்கு அருகே அறை எடுத்துக்கொள்வது நல்லது. அதுவும் முடியாதென்றால், விதையிலிருந்து ஊசி வழியாக எடுக்கும் முறை உண்டா என்று கேளுங்கள். மாதிரி கொடுப்பதற்கு முன் 2 முதல் 7 நாள் இடைவெளி தேவை. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிப் பரிசோதனைகளும் இருக்கும்.

அம்மாவிடம் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று: சேமித்த விந்து பேரப்பிள்ளை ஆகாது. மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் அது பல ஆண்டு கெடாமல் இருக்கும். அதைக் குழந்தையாக்க ஒரு பெண்ணின் முட்டையும் கருப்பையும் வேண்டும். திருநங்கையும் திருமணச் சட்டத்தில் 'மணமகள்'தான் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2019இல் சொன்னது. ஆனால் 2021இன் கருத்தரிப்புத் தொழில்நுட்பச் சட்டம் திருநர் என்ற சொல்லையே உச்சரிக்கவில்லை. வாடகைத்தாய்ச் சட்டமோ மணமான தம்பதிக்கும், 35 முதல் 45 வயதுள்ள கைம்பெண், விவாகரத்தான பெண் ஆகியோருக்கும் மட்டுமே இடம் கொடுக்கிறது. இது அநியாயம் என்பதே என் கருத்து. இன்றைய நிலை இதுதான் என்பதையும் நான் மறைக்க முடியாது. தானமாகப் பெற்ற விந்துக்கும் கருவுக்கும் சட்டம் 10 ஆண்டு வரம்பு வைத்திருக்கிறது. உங்கள் சொந்த விந்தை எத்தனை ஆண்டு வைப்பார்கள், ஆண்டுக் கட்டணம் என்ன, கட்டத் தவறினால் என்ன ஆகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

முடிவு எட்டவில்லையா? ஹார்மோனைச் சில வாரம் தள்ளலாம். ஆனால் அந்தக் காத்திருப்பே உங்களை நசுக்குகிறது, தூக்கமில்லை, உயிரை விடும் எண்ணம் வருகிறது என்றால் தள்ளாதீர்கள். அன்றே மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம். சேமிக்காமலே சிகிச்சை தொடங்குவதும் முறையான முடிவுதான். பிற்பாடு ஒரு நாள் அதற்காக அழுகை வந்தால், அழுங்கள். அன்று எடுத்த முடிவு தவறென்று அந்த அழுகைக்கு அர்த்தமில்லை.