பாப்பு செருப்பை ஒளிக்கவில்லை

வணக்கம்.

என் முதல் படக்கதைப் புத்தகத்தின் வரைவை இணைத்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு வயது பாப்புவின் வீட்டுக்குப் பெரியம்மா, மாமா, அத்தை, பாட்டி எல்லோரும் ஊரிலிருந்து வருகிறார்கள். பாப்பு மாமாவுக்கு முத்தம் தர மறுக்கிறாள், காபி டம்ளரை இழுத்துக் கொட்டுகிறாள், வந்தவர்களின் செருப்பை ஒவ்வொன்றாக ஒளித்துவைக்கிறாள். கிளம்பும்போது வீடே தேடுகிறது. கடைசியில் பாப்பு 'சாரி' சொல்கிறாள், எல்லோரும் கைதட்டுகிறார்கள். இதைச் சந்தப் பாட்டாக எழுதுவதா, வசனமாகவா என்று தெரியவில்லை. பேச்சுத்தமிழ் கூடுமா? எத்தனை பக்கம் வைக்கலாம்? 'இது குறும்பைக் கற்றுக்கொடுக்கும்' என்கிறார் ஒரு உறவினர். உங்கள் கருத்து வேண்டும்.

க., தஞ்சாவூர்

அன்புள்ள க.,

சிறு குழந்தைகளை வைத்து எழுதப்படும் நகைச்சுவை எங்கே தவறுகிறது என்று சில மாதங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் வரைவு அதற்கு நடுவில் வந்து சேர்ந்தது.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். பக்கம் 32. அச்சகத்தில் ஒரு ஃபாரம் (ஒரே தாளில் அச்சிட்டு மடிக்கும் பக்கத் தொகுதி) 16 பக்கம் என்பதால் இரண்டு ஃபாரத்தில் வேலை முடியும். முதல் பக்கம் தலைப்புக்கு, இரண்டாவது பதிப்பு விவரத்துக்கு. கதை 3ஆம் பக்கத்தில் தொடங்கினால், 4-5 முதல் 30-31 வரை விரித்த பக்கங்கள் 14 கிடைக்கும். 32 தனிப் பக்கம். அதை எதற்கு வைத்துக்கொள்வது என்று பிறகு சொல்கிறேன். உறவினர் சொன்னதை விட்டுவிடுங்கள். டம்ளரை இழுக்க எந்தக் குழந்தைக்கும் புத்தகம் தேவைப்பட்டதில்லை. பேச்சுத்தமிழ் பற்றிக் கவலை வேண்டாம். நீங்கள் 'வந்தார்கள்' என்று அச்சிட்டாலும் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு வாசிக்கிற அம்மா 'வந்தாங்க' என்றுதான் வாசிப்பார். உரையாடலைப் பேச்சிலும் மற்றதை எளிய எழுத்திலும் வையுங்கள். 'வந்துகொண்டிருக்கிறார்கள்' போன்ற நீளச் சொல் மட்டும் வேண்டாம், வாய்விட்டு வாசிக்கும்போது மூச்சு வாங்கும்.

இனி படங்கள். உங்கள் ஓவியர் நன்றாகவே வரைகிறார். ஆனால் எல்லாப் படத்தையும் நின்றுகொண்டிருக்கும் பெரியவரின் கண்ணிலிருந்து வரைந்திருக்கிறார். பாப்பு எப்போதும் கீழே, உச்சந்தலை தெரிய, பொம்மைபோல நிற்கிறாள். வாசிப்பவர் அவளைக் குனிந்து பார்த்துச் சிரிக்கிறார். இதைத்தான் நான் கடுமையாக எதிர்க்கிறேன். உங்கள் கதையில் சிரிப்பு வராத இடங்கள் எல்லாவற்றுக்கும் இதுவே காரணம்.

இரண்டு வயதுக் குழந்தையின் உயரம் சுமார் 86 செ.மீ. கண் அதற்கு ஏறத்தாழ 10 செ.மீ. கீழே, 75இல் இருக்கும். வழக்கமான சாப்பாட்டு மேசையின் உயரமும் 75 செ.மீ. அதாவது பாப்புவுக்கு அந்த மேசை ஒரு பலகையின் விளிம்பு மட்டுமே. அதன்மேல் என்ன நடக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. சத்தம் வருகிறது, காபி மணக்கிறது, எல்லோருடைய கையும் அங்கே போய் வருகிறது. அவள் எட்டி இழுக்கிறாள். இதைக் குறும்பு என்று எழுதியிருக்கிறீர்கள். பார்க்க ஆசைப்பட்டாள், அவ்வளவுதான்.

ஓவியரிடம் சொல்ல வேண்டியது எளிது. பாப்பு பார்க்கும் பக்கங்களில் தொடுவானக் கோட்டை, அதாவது பார்ப்பவரின் கண்மட்டத்தைக் காட்டும் கோட்டை, தரையிலிருந்து 75 செ.மீ. மட்டத்தில் வைக்கச் சொல்லுங்கள். தரை சமமாக இருந்தால், பக்கத்தில் நிற்பவரானாலும் தூரத்தில் நிற்பவரானாலும், நிற்கிற பெரியவர் எல்லோரையும் அந்தக் கோடு மேல்தொடையில் வெட்டும். அருகில் இருப்பவர்களின் முகம் பக்கத்தின் மேல்விளிம்பைத் தாண்டிப் போய்விடும். போகட்டும். மிஞ்சுவது புடவைக் கொசுவம், வேட்டிக் கரை, மெட்டி, கட்டைப்பையின் அடிப்பாகம், அதில் துருத்திக்கொண்டிருக்கும் வாழைப்பழச் சீப்பு. உறவுக்காரர் வருகை என்பது பாப்புவுக்கு அதுதான். பெரியம்மா யார் என்பதைக் கொசுவத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் விளையாட்டே இரண்டு பக்கத்துக்கு வரும்.

மாமாவின் முத்தப் பக்கத்தை இப்படி வரைந்து பாருங்கள். மேலேயிருந்து மீசையோடு ஒரு பெரிய முகம் இறங்குகிறது, பக்கம் முழுக்க. முன்பின் பழகாத முகத்தைக் கண்டு ஒதுங்குவது ஏழெட்டு மாதத்தில் தொடங்கும், இரண்டாம் வயதிலும் எளிதில் விடாது. அந்தப் பக்கத்தில் 'முரண்டு பிடிக்கும் பாப்பு' என்று எழுதியதை அடித்துவிடுங்கள். பாட்டி தரையில் உட்காருகிறார். கீழே சம்மணமிட்ட பெரியவரின் கண் ஏறத்தாழ பாப்புவின் கண்மட்டத்துக்கே வரும். புத்தகத்திலேயே முதன்முறையாக ஒரு முழு முகம் நேருக்கு நேர் தெரிய வேண்டியது அங்கேதான். அங்கே ஒரு சொல்லும் எழுதாதீர்கள். அந்த இரண்டு முகங்களையும் நடு மடிப்பிலிருந்து குறைந்தது ஒரு செ.மீ. தள்ளி வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தையலில் மூக்கு காணாமல் போகும்.

அடுத்தது செருப்பு. உங்கள் வரைவில் 'பாப்பு பெரியம்மாவின் செருப்பை எடுத்து ஒளித்தாள்' என்று எழுதி, அதையே படமாகவும் போட்டிருக்கிறீர்கள். சொன்னதையே படம் திருப்பிச் சொன்னால் பிள்ளைக்குக் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? பேட் ஹட்சின்ஸ் 1968இல் செய்த 'ரோசிஸ் வாக்' புத்தகத்தில் மொத்தமே 32 சொற்கள். கோழி நடந்துபோவதை மட்டும் அவை சொல்கின்றன. பின்னாலேயே வரும் நரியைப் பற்றி ஒரு சொல் கிடையாது. நரியைப் பார்த்துவிட்ட குழந்தை வாசிப்பவரிடம் கத்திச் சொல்கிறது. உங்கள் செருப்புகளையும் சொற்களிலிருந்து முழுக்க எடுத்துவிடுங்கள். சொற்கள் பெரியவர்களின் பேச்சைச் சொல்லட்டும்: ரயிலில் கூட்டம், யாருக்கோ கல்யாணம், முறுக்கில் உப்புக் குறைவு. ஒவ்வொரு பக்கத்து மூலையிலும் பாப்பு ஒரு செருப்போடு நடந்துகொண்டிருக்கட்டும். வாசலில் இருக்கும் செருப்புகள் பக்கத்துக்குப் பக்கம் சரியாக ஒன்று குறைய வேண்டும். நான்கு வயதுப் பிள்ளை எண்ணிப் பார்க்கும், நீங்கள் தவறவிட்டால் கண்டுபிடித்துவிடும். உங்கள் வாசகர் அந்த நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைதான். தான் தாண்டி வந்த வயதை அடையாளம் கண்டு சிரிக்கும். இரண்டு வயதுக்கானது என்றால் கெட்டி அட்டையில் பன்னிரண்டு பக்கமாக வேறு புத்தகம் செய்ய வேண்டும்.

பக்கம் திருப்பும் இடங்களையும் வீணாக்கியிருக்கிறீர்கள். கை டம்ளரை நோக்கிப் போவதும் காபி கொட்டுவதும் உங்களிடம் எதிரெதிரே உள்ளன. கண் ஒரே நொடியில் இரண்டையும் பார்த்துவிடும், சிரிப்பு அங்கேயே செத்துவிடும். கை நீளுவதை வலப்பக்கத்தில் நிறுத்துங்கள், கொட்டியதை அடுத்த இடப்பக்கத்தில் வையுங்கள். ஏ4 தாள் எட்டை மடித்து நடுவில் பின் அடித்தால் 32 பக்க டம்மி, அதாவது மாதிரிப் புத்தகம், தயார். அதில் எழுதி, ஒரு பிள்ளைக்கு வாசித்துக்கொண்டே திருப்பிப் பாருங்கள். எந்த இடத்தில் பிள்ளையின் கை உங்கள் கைக்கு முன்னால் தாளைப் பிடிக்கிறதோ அந்த இடம் சரியாக இருக்கிறது. மற்றவற்றை மாற்றுங்கள்.

அந்த 'சாரி' பக்கத்தைக் கிழித்துப்போடுங்கள். இரண்டு வயதில் அது, சொல்லச் சொன்னதால் வருகிற ஓசை. அதற்குக் கைதட்டும் பெரியவர்களைப் பார்க்க எனக்குக் கோபம் வருகிறது. பாப்பு எதையும் ஒளிக்கவில்லை. எடுப்பது, சுமப்பது, எதற்குள்ளாவது போடுவது, இவைதான் அந்த வயதின் முழுநேர வேலை. இன்னொன்றும் அவளுக்குத் தெரியும்: யாராவது செருப்பு மாட்டினால் 'டாட்டா' போகப்போகிறோம். உங்கள் கதையின் முடிவு அந்த அறிவில் இருக்கிறது, நீங்கள் அதை மன்னிப்பில் தேடிவிட்டீர்கள்.

30-31இல் எல்லோரும் தேடட்டும். கட்டிலடியில், அரிசி டிரம்முக்குப் பின்னால், சலவைக் கூடைக்குள். எல்லோரும் குனிந்திருப்பதால் எல்லா முகங்களும் முதன்முறையாகப் பாப்புவின் உயரத்துக்கு வந்துவிடும். வலப்பக்கக் கடைசி வரி, 'மாமா வாசலைப் பார்த்தார்.' திருப்பினால் 32. சொல் எதுவும் இல்லை. மற்றவர்களின் செருப்புகள் படியில் வரிசையாக இருக்கின்றன. பாப்பு தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மாமாவின் செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டு நிற்கிறாள். அவள் பாதம் ஏறத்தாழ 13 செ.மீ., மாமாவின் செருப்பு 27. குதிகாலுக்குப் பின்னால் பாதிச் செருப்பு காலியாகத் தெரிய வேண்டும். ஓவியரிடம் அதை மட்டும் அளந்து வரையச் சொல்லுங்கள்.

சந்தம் வேண்டாம், வசனமே போதும்.