பனியன் கம்பெனித் தொழிலாளரிடம் 90 நாள் குடிக்கணக்கை எப்படி எடுப்பது?

"வாரத்துக்கு எவ்வளவுங்க?" என்று கேட்டால் சராசரிதான் வரும், அதுவும் குறைச்சலாக. உளவியலாளர்களான சோபெல் தம்பதியர் உருவாக்கிய, நாள் நாளாக நினைவுபடுத்திக் கணக்கெடுக்கும் டைம்லைன் ஃபாலோபேக் முறையில் காலண்டரை விரித்து, முதலில் மறக்காத நாட்களைக் குறியுங்கள்: சம்பளச் சனிக்கிழமை, ஊர் நோம்பி, கெடா வெட்டு, நைட் ஷிப்ட், டாஸ்மாக் மூடிய காந்தி ஜெயந்தி. அடுத்து, தொடவே தொடாத நாட்கள். பிறகு நேற்றிலிருந்து பின்னோக்கிப் போங்கள்.

அளவில்தான் சிக்கலே. 180 மி.லி. குவார்ட்டர், 42.8 சதவீதம் என்றால் சுமார் 61 கிராம் ஆல்கஹால். 10 கிராம் ஓர் அலகு என்றால் ஆறு அலகு. குவார்ட்டரைப் பங்கு போட்டுக் குடிக்கும் கட்டிங் அதில் பாதி. ஆனால் பங்கு போட்டது இரண்டு பேரா, மூன்று பேரா என்று கேட்டே எழுதுங்கள்.

"ஞாபகமில்லீங்க" என்றால் பூஜ்யம் போடாதீர்கள். குறைந்தது, அதிகபட்சம் கேட்டு நெருக்குங்கள். எல்லாச் சனிக்கிழமையும் ஒரே எண் வந்தால், ஆர்டர் இல்லாத வாரத்தைக் காட்டி மறுபடி கேளுங்கள். வீட்டுக்காரம்மா பக்கத்தில் இருந்தால் கணக்கு இளைத்துவிடும், தனியாக உட்காருங்கள்.