ஆஸிலேட்டர் ஏன் ஆட மறுக்கிறது?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் டிப்ளமோ எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறேன் சார். பிசி547 டிரான்சிஸ்டர் வைத்து ஃபேஸ் ஷிஃப்ட் ஆஸிலேட்டர் (தானாகவே சைன் அலை உண்டாக்கும் சர்க்யூட்) கட்டினேன். மூன்று 10 கே (கிலோ ஓம்) ரெசிஸ்டர் (கடைசியது பேஸுக்கு சீரிஸில்), மூன்று 0.01 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், கலெக்டரில் 2.2 கே, எமிட்டரில் 680 ஓமும் பைபாஸ் கெப்பாசிட்டரும், பயாஸுக்கு 47 கே, 10 கே. சப்ளை 12 வோல்ட், கலெக்டரில் 7.5 இருக்கிறது. மீட்டரில் எச்எஃப்இ (டிரான்சிஸ்டர் கரண்டை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பது) 180. ஆனால் அலையைக் காட்டும் சிஆர்ஓவில் வெறும் நேர்கோடுதான்.

பதில்: கலெக்டரில் 7.5 வோல்ட் இருந்தால் பயாஸ் (டிரான்சிஸ்டரை வேலைக்குத் தயாராக நிறுத்தும் டிசி அமைப்பு) சரி தம்பி. கெயின்தான், அதாவது பெருக்கம்தான், போதவில்லை.

டிரான்சிஸ்டர் சிக்னலை 180 டிகிரி திருப்புகிறது. மூன்று ஆர்சி படிகளும் (படிக்கு ஒரு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர்) சேர்ந்து, ஒரே ஒரு ஃப்ரீக்வென்சியில் மட்டும், இன்னொரு 180 திருப்புகின்றன. அந்த ஃப்ரீக்வென்சி திரும்பி வரும்போது கிளம்பிய ஃபேஸிலேயே வருவதால், சர்க்யூட்டில் எப்போதும் இருக்கும் துளி நாய்ஸே சுற்றிச் சுற்றிப் பெருகி சைன் அலையாகிறது. படிக்கு 60 டிகிரி என்று வகுப்பில் சொல்வார்கள். மொத்தம் சரி, பங்கு சமமில்லை. அடுத்த படி முந்தைய படியிலிருந்து கரண்டை இழுப்பதால் சிக்னல் 29இல் ஒரு பங்காகத் தேய்கிறது. படிகள் ஒன்றையொன்று பாதிக்காமல் இருந்தால் 8இல் ஒரு பங்கோடு நின்றிருக்கும்.

டிரான்சிஸ்டர் சர்க்யூட்டில் தேவையான எச்எஃப்இ: 23 + 29 × (10/2.2) + 4 × (2.2/10), அதாவது 156. உங்களிடம் 180 இருக்கிறதே என்பீர்கள். பேஸுக்குப் போக வேண்டிய சிக்னலில் ஒரு பகுதி பயாஸ் ரெசிஸ்டர்கள் வழியே கிரவுண்டுக்குப் போய்விடுகிறது. மிஞ்சுவது சுமார் 140, தேவையான 156ஐ எட்டவில்லை.

கலெக்டரில் 4.7 கே போடுங்கள். தேவை 87ஆக இறங்கிவிடும். அதை மட்டும் மாற்றினால் டிரான்சிஸ்டர் சாச்சுரேஷனுக்கு (முழுதாகத் திறந்து, பெருக்க முடியாமல் நிற்கும் நிலைக்கு) மிக அருகே போய்விடும், எமிட்டரையும் 1.5 கே ஆக்குங்கள். கரண்ட் 1 மில்லிஆம்பியர் அளவுக்குக் குறைந்து, கலெக்டர் மறுபடி 7.5 வோல்ட் பக்கம் நிற்கும். பேஸுக்குப் போகும் மூன்றாவது 10 கேயை 6.8 கே ஆக்குங்கள். மீதி 3 கேயை பேஸ் பக்கத்து இன்புட் ரெசிஸ்டன்ஸே தந்துவிடும்.

650 ஹெர்ட்ஸ் வரவில்லையே என்று அப்புறம் பதற வேண்டாம். அது ஆப்-ஆம்ப் ஐசி வைத்த சர்க்யூட்டின் கணக்கு: 1/(2π × ஆர் × சி × √6). இங்கே ரூட்டுக்குள் 6 மட்டுமல்ல, 4 × (4.7/10)ம் சேரும், 570 பக்கம் வரும். 103இசட் (103 என்றால் 0.01 மைக்ரோஃபாரட்) என்று போட்ட டிஸ்க் கெப்பாசிட்டர் என்றால் அதற்கும் உத்தரவாதமில்லை, அதன் மதிப்பு 80 சதவீதம் வரை கூடியிருக்கலாம். பொள்ளாச்சிப் பக்கம் போனால் 103ஜே மைலார் கெப்பாசிட்டர் வாங்குங்கள், கூடக் குறைய 5 சதவீதம்தான்.

அலையின் தலை தட்டையாக இருந்தால் பைபாஸ் கெப்பாசிட்டரோடு சீரிஸில் 100 ஓம் ப்ரீசெட் (திருகிக் கூட்டிக் குறைக்கும் ரெசிஸ்டர்) வைத்து, ஆஸிலேஷன் நிற்பதற்குச் சற்று முன்புவரை மெதுவாகக் கூட்டுங்கள்.